159 பேர் அட்மிட்: முதலில் யாரைப் பார்ப்பது என்று செவிலியர் எப்படி முடிவு செய்கிறார்?

2021 டிசம்பர் 17 இரவு. ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்தவர்கள் அவர்கள். அதற்குச் சில நாள் முன்புதான், ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு ஒத்துக்கொள்ளாமல் 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்கள். கூட இருந்தவர்கள் இறந்துவிட்டதாகப் பரவிய வதந்தி, மற்றவர்களை ரோட்டுக்குக் கொண்டுவந்தது.

டிசம்பர் 18 முதல் ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12-ல் ஆலை மீண்டும் திறந்தது. விடுதி, சமையலறை பற்றியெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. இத்தனை பேர் ஒரே சமயத்தில் வந்தால், முதலில் யாரைப் பார்ப்பது?

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஆயிரக்கணக்கானோர் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் போய், ஒரே சமையலைச் சாப்பிடுகிறார்கள். அதனால் இந்தப் பகுதிக்கு இது ரொம்ப முக்கியமான கேள்வி.

முதலில் வந்தவருக்கு முதல் சிகிச்சையா?

இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் டோக்கன் முறை கிடையாது. வாசலிலேயே நோயாளியைப் பார்த்து, அவசரத்துக்கு ஏற்பப் பிரிப்பதை 'ட்ரையாஜ்' என்கிறார்கள். தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகள் இருப்பது இதற்காகத்தான். சிவப்பு என்றால் உடனடியாக. மஞ்சள் என்றால் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம், ஆனால் கண்காணிப்பு வேண்டும். பச்சை என்றால் காத்திருந்தாலும் ஆபத்தில்லை.

பார்க்கும் வரிசையும் முடிவானதுதான். மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு ஒழுங்காக வருகிறதா, ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, நினைவு தெளிவாக இருக்கிறதா. இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அவர் சிவப்பு. எவ்வளவு வலிக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

கத்துகிறவரை ஏன் முதலில் பார்ப்பதில்லை?

கத்த முடிகிறது என்றால் மூச்சும் நினைவும் இருக்கிறது என்று அர்த்தம். செவிலியரின் கண் தேடுவது, மூலையில் பேசாமல் சாய்ந்து கிடப்பவரை.

வயிற்றுப்போக்கில் இது இன்னும் சிக்கல். இருபது வயது உடம்பு நீரிழப்பை ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும். முதலில் நாடித்துடிப்புதான் ஏறும். ரத்த அழுத்தம் கடைசி வரை நார்மலாகக் காட்டிவிட்டு, பிறகு சட்டென்று இறங்கும். அதனால் பிபி மட்டும் பார்த்து 'ஓகே' என்று அனுப்பிவிட முடியாது. கண் குழி விழுந்திருக்கிறதா, சிறுநீர் போய் எவ்வளவு நேரமாகிறது, கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். குடிக்க முடிந்தவருக்கு ஓஆர்எஸ் போதும். குடிக்க முடியாமல் துவண்டு போனவருக்கு உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும்.

ஒருமுறை பச்சை என்று சொன்னவர் கடைசிவரை பச்சையாகவே இருக்கமாட்டார். அரை மணி நேரத்தில் நிலைமை மாறலாம். அதனால் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் ட்ரையாஜில் சேர்த்திதான்.

ஆலைக்குள் யார் முடிவெடுப்பது?

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ, செவிலியர் ஊழியர்களுடன் முதலுதவி அறை இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 45-வது பிரிவில் சொன்னது. அங்கே பகல் ஷிஃப்டில் ஒரு பெண் வயிற்றுவலி என்று வந்தால் அது ஒரு நோயாளி. அதே விடுதியிலிருந்து மூன்றாவது பெண்ணும் வந்தால், அது ஒரு எச்சரிக்கை. மாத்திரை கொடுத்து லைனுக்குத் திருப்பி அனுப்புவதா, விடுதிச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுப்பதா என்பதை அந்த நிமிஷத்தில் செவிலியர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் இங்கேதான். புரொடக்‌ஷன் டார்கெட் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை என்றால், அவருடைய படிப்பால் அந்தப் பெண்ணுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்?

எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரே ஆளால் எல்லாரையும் பார்க்க முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிண்டா ஐகென் குழு நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. அறுவை சிகிச்சை நோயாளிகள் பற்றிய அந்த ஆய்வில், ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவது தெரிந்தது. கலிஃபோர்னியாவில் அவசரப் பிரிவில் ஒரு செவிலியருக்கு 4 நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று விதியே இருக்கிறது.

உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டாமா?

டிசம்பர் 2021 கொடுத்த இன்னொரு பாடம் இது. ட்ரையாஜ் செய்தால், யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்ற பட்டியல் கையோடு தயாராகிவிடும். அதை வைத்துக் குடும்பத்துக்கும் அறைத்தோழிகளுக்கும் உடனே பதில் சொல்ல முடியும். பதில் வராத இடத்தில் வாட்ஸ்அப் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஆலையிலோ விடுதியிலோ ஒரே வேளை சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேருக்கு மேல் வாந்தி எடுத்தால், அவரவர் அறையில் படுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரிடம் சேர்ந்தே சொல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, கர்ப்பமா, வேறு மருந்து எடுக்கிறீர்களா என்பதைச் சொல்லிவிடுங்கள். மயக்கம், குழப்பம், மூச்சு வாங்குதல் என்றால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கூட்டிப்போனால் கோபப்படாதீர்கள். காத்திருக்கும்போது உடம்பு மோசமானால், உடனே எழுந்துபோய் அதே செவிலியரிடம் மறுபடி சொல்லுங்கள்.