வீட்டுக்குள் முயலா? அம்மா, அப்பாவைச் சம்மதிக்க வைக்க வழி இருக்கு!

“முயலெல்லாம் கொல்லையில இருக்கட்டும். உள்ள விட்டா நாறும், ஒயரைக் கடிக்கும்!”

முயல் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் பதில் இது. ஆனால், ஆத்தூர் வெயிலில் கொல்லை முயலுக்கு ஏற்ற இடம்தானா?

இதே திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானல் மலையில் இருக்கும் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல் வளர்க்கிறது. அந்தக் குளிர் முயலுக்கு ஒத்துப்போகும். மலைக்குக் கீழே அப்படியில்லை. முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகவே வெளியேற்றும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறும், வெயில் கடுமையானால் இறந்தும் போகலாம். தெருநாய், பூனை பயம் வேறு. பெற்றோரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நாற்றமா? முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அங்கே ஒரு தட்டில் பேப்பரும் காய்ந்த புல்லும் போட்டு தினமும் மாற்றினால் போதும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பதும் குறையும். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஒயர்களை பிவிசி குழாய்க்குள் விட்டுவிடலாம்.

அம்மாக்கள் வெளியே சொல்லாத பயம் ஒன்று உண்டு. ‘கடைசியில இதுவும் நம்ம தலையிலதான் விழும்!’ முயல் 8 முதல் 10 வருடங்கள் வாழும். பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனால் யார் பார்ப்பது என்பதை வாங்கும் முன்பே பேசி முடிவெடுங்கள்.

அதுவரை ஒரு மாதம், ஏதாவது ஒரு வீட்டு வேலையை யாரும் சொல்லாமலே தினமும் செய்து காட்டுங்கள். அம்மாவே புல்லுக்கட்டு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்!