மார்க்கும் டோஃபலும் மட்டும் போதுமா?

போன வாரம் சித்தப்பா பொண்ணு போன் பண்ணினா. "அண்ணா, அமெரிக்காவுல டிரான்ஸ்லேஷனல் பயோமெடிக்கல் ரிசர்ச் எம்.எஸ். அப்ளை பண்றேன். எஸ்.ஓ.பி. கொஞ்சம் பார்த்துக் குடுண்ணா." பொட்டி தட்டுறவன்கிட்ட போய் கேக்குறா பாருங்க :-)

சரின்னு தகுதிப் பட்டியலை வாசிச்சேன். நாலு வருஷ டிகிரி, நாலுக்கு மூணு ஜி.பி.ஏ., உயிரியல், வேதியியல், ரெண்டு மூணு பரிந்துரைக் கடிதம், டோஃபல் இல்லேன்னா ஐ.இ.எல்.டி.எஸ். ஜி.ஆர்.இ.யை நிறைய இடத்துல தூக்கிட்டாங்க. பி.டெக். பயோடெக் படிச்சவளுக்கு எல்லாம் ஜுஜுபி.

ஆனா பொடி எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. இந்தப் பேர்ல இருக்குற படிப்புல கொஞ்சம், ஏற்கனவே டாக்டருக்குப் படிச்சவங்களுக்கோ பிஎச்.டி. முடிச்சவங்களுக்கோ மட்டும்தான். அவ எடுத்து வச்சிருந்த அஞ்சுல ரெண்டு அப்படி. அப்ளிகேஷன் ஃபீஸ் தப்பிச்சுது.

என் ஆதங்கம் வேற. பட்டியல் முழுக்க நீ என்ன பாஸ் பண்ணினேன்னுதான் கேக்குது. இந்தத் துறையோ, ஆய்வகத்துக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்தைத் தாண்டுறது. ஒரு வகை ரத்தப் புற்றுநோய்ல விசித்திரமான குரோமோசோம் இருக்குன்னு 1960ல ஃபிலடெல்ஃபியாவுல கண்டுபிடிச்சாங்க. அது 9ம் 22ம் துண்டு மாத்திக்கிட்டதால வந்ததுன்னு 1973ல ஜேனட் ரவுலி சொன்னாங்க. அதைக் குறிவச்ச இமாடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 2001ல. 41 வருஷம்! அந்த இடைவெளியைக் கடக்க செல்லைப் புரிஞ்சவங்க மட்டும் பத்தாது. சோதனையை வடிவமைக்கணும், கணக்கு போடணும், நோயாளி பக்கத்துல உக்காந்து பேசணும்.

அதனால, என்னைக் கேட்டா ரெண்டு தகுதியைக் கட்டாயம் சேர்க்கணும். ஒண்ணு புள்ளியியல். இன்னொண்ணு, ஒரு வருஷமாவது நிஜமான மருந்துச் சோதனை நடக்குற இடத்துல வேலை. பல்கலைக்கழகம் கேக்கலைன்னா என்ன, நாமளே நம்மைக் கேட்டுக்கலாமே? நம்ம நாட்டுல மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ.ல பதிவு பண்ணணும்னு 2009லயே கட்டாயம் ஆக்கிட்டாங்க. எந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரியில என்ன நடக்குதுன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம். அங்கே ஒருங்கிணைப்பாளரா ஒரு வருஷம் இருந்தா, எஸ்.ஓ.பி. தானா எழுதிக்கும்.

ஏன் இவ்ளோ நீட்டி முழக்குறேன்னா, சித்தப்பா வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கப் போறார். இந்த எம்.எஸ்.க்குப் பெரும்பாலும் நம்ம காசுதான். அங்கேயே பயோமெடிக்கல் பிஎச்.டி.க்கு டிகிரி முடிச்சதும் நேரா அப்ளை பண்ணலாம். பொதுவா ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு. ஆனா ஆராய்ச்சி அனுபவம் பார்ப்பாங்க. சுத்திச் சுத்தி அதே இடம்தான்!

இதையெல்லாம் சொன்னதும், "உன்னை எஸ்.ஓ.பி. தானேண்ணா பார்க்கச் சொன்னேன்"னு மூஞ்சியைத் தூக்கிட்டா. நேத்து ராத்திரி மறுபடி போன்: "அண்ணா, புள்ளியியலுக்கு நல்ல புக் எதுவும் இருக்கா?"

தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்கா. பத்திரம் இன்னும் பீரோவுலதான் இருக்கு.