பள்ளியின் பதிலுக்கும் அதே பக்கம்

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதும் வழக்கம் 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. ‘மிகச் சிறப்பு’, ‘நன்று’, ‘மேம்பாடு தேவை’, ‘போதாது’ என்ற நான்கில் ஒன்றை, பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்கள் பள்ளியின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த ஆய்வு வரும்வரை, அதற்கு எத்தனை ஆண்டானாலும், அந்தப் பள்ளிக்கு ஊரில் அதுதான் பெயர். 2025 நவம்பரிலிருந்து அந்த இடத்தில் ஒரு மதிப்பீட்டு அட்டை வந்திருக்கிறது. கற்பித்தல், தேர்ச்சி, வருகையும் நடத்தையும், எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும் தன்மை, தலைமை என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் தனித்தனி மதிப்பீடு. பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகள் நிறைவேறினவா இல்லையா என்பது தனிக் கட்டத்தில் இருக்கும்.

ஆய்வு முறை மாறிவிட்டது. அதைச் செய்தியாக்கும் உள்ளூர்ப் பத்திரிகைகளின் பழக்கம் மாறுமா என்பதே நம் கவலை. அத்தனை கட்டங்களில் எது ஆகத் தாழ்ந்ததோ, அதை மட்டும் பிடுங்கித் தலைப்பில் போட்டால் பழைய ஒற்றைச் சொல் வேறு வேடத்தில் திரும்பி வந்துவிடும். ஆய்வைப் பற்றி எழுதும் பத்திரிகை மொத்த மதிப்பீட்டையும் சொல்ல வேண்டும். பள்ளியின் பதிலை அதே செய்தியில், வாசகர் கண்ணில் படும் இடத்தில் வெளியிட வேண்டும். தவறு நேர்ந்திருந்தால் தவறு வந்த பக்கத்திலேயே திருத்த வேண்டும். பள்ளிகளும் புண்பட்டு ஒதுங்கிவிடாமல் எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

ரெடிங் நகரின் கேவர்ஷம் தொடக்கப் பள்ளியை இந்த நாட்டில் அறியாதவர்கள் குறைவு. 2009-இல் ‘மிகச் சிறப்பு’ வாங்கிய பள்ளி அது. அப்படி வாங்கிய பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்து அரசே விலக்கு அளித்திருந்ததால், அடுத்த 13 ஆண்டுகள் முழு ஆய்வு நடக்கவில்லை. விலக்கு 2020-இல் நீங்கியது. 2022 நவம்பரில் ஆய்வாளர்கள் வந்தார்கள். கல்வித் தரம் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் ‘நன்று’. தலைமைக்கும் நிர்வாகத்துக்கும் மட்டும், பிள்ளைகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் கண்ட குறைகளுக்காக, ‘போதாது’. அந்த ஒன்று வீழ்ந்ததும் பள்ளியின் மொத்தத் தீர்ப்பும் ‘போதாது’ ஆயிற்று. அறிக்கை வெளியாகும் முன்பே, 2023 ஜனவரியில், தலைமை ஆசிரியை ரூத் பெரி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் அவருடைய மரணத்துக்குப் பங்களித்தது என்று மரண விசாரணை அதிகாரி ஹைடி கானர் அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தார். இடையில் நடந்த மறு ஆய்வில் பள்ளி ‘நன்று’ வாங்கிவிட்டது.

ஒரு மரணத்துக்கு யார் மீதாவது பழி போடுவது நம் நோக்கமில்லை. விசாரணை அதிகாரி அந்த வேலையைக் கவனமாகச் செய்து முடித்துவிட்டார். நாம் பார்ப்பது அறிக்கையின் அமைப்பை. மற்ற எல்லாவற்றிலும் ‘நன்று’ வாங்கிய ஒரு பள்ளியைப் பற்றி ‘போதாது’ என்று மட்டும் தலைப்பிட்டால் எந்தச் சட்டமும் அதைப் பொய் என்று சொல்லாது. பொய் இல்லாத செய்தியும் அநியாயமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

இத்தகைய செய்தி எப்படித் தயாராகிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆஃப்ஸ்டெட்டின் இணையதளத்தில் அறிக்கை ஏறுகிறது. இரண்டு மூன்று ஊர்களை ஒற்றை ஆளாகக் கவனிக்கும் நிருபர், மாலைக்குள் கொடுக்க வேண்டிய பல செய்திகளுக்கு நடுவே அதைத் திறக்கிறார். பள்ளி என்னென்ன சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பகுதி அதில் இருக்கும். குறைகளை மட்டும் சொல்வதற்காகவே வைத்த பகுதி அது. மிக நல்ல பள்ளியின் அறிக்கையிலும் அங்கே நாலு வரி இருக்கலாம். நிருபரின் கண் நேரே அங்கே போகிறது. இரண்டு வாக்கியங்களை எடுக்கிறார், ‘ஆய்வாளர்கள் சாடல்’ என்று தலைப்பு வைக்கிறார், கூகுள் வரைபடத்திலிருந்து பள்ளி வாசலின் படம் ஒன்றைப் பிடிக்கிறார். பூட்டிய கேட், ஆளில்லாத தெரு, மப்பும் மந்தாரமுமான வானம். கடைசி வரி: “பள்ளியின் கருத்தைக் கேட்டிருக்கிறோம்.” கேட்டது அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு. பள்ளி விடுமுறை என்றால் அதைத் திறக்கக்கூட அங்கே ஆள் இருக்காது.

ஆய்வு செய்யும் அமைப்பே தன் வரைவறிக்கையைப் பள்ளிக்கு முன்கூட்டி அனுப்பி, தகவல் பிழை இருந்தால் சொல்லச் சில நாள் அவகாசம் தருகிறது. பத்திரிகை சில மணி நேரம்கூடத் தருவதில்லை.

நிருபரை மட்டும் குறை சொல்வது சுலபம், நியாயமில்லை. விளம்பர வருவாய் இணையத்துக்குப் போனதிலிருந்து உள்ளூர்ப் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மிஞ்சியவற்றில் ஆட்கள் குறைந்தார்கள். பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, தலைமை ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த பழைய நிருபர் இன்று பல ஊர்களில் இல்லை. இருந்திருந்தால் அந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக ஒரு தொலைபேசி அழைப்பு போயிருக்கும்.

பள்ளிக்கு இதில் இன்னொரு கட்டு உண்டு. வெளியே இருப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஆய்வறிக்கையில் மிகக் கடுமையான வரி பெரும்பாலும் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட பிள்ளை, ஒரு குறிப்பிட்ட குடும்பம், சமூகப் பணியாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து இருக்கலாம். தாமதம் பள்ளியாலா, உள்ளூராட்சி மன்றத்தாலா என்பது அந்தக் கோப்பைத் திறந்தால்தான் தெரியும். கோப்பைத் திறந்தால் பிள்ளை யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பள்ளி வாய் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. அந்த மௌனத்தைத்தான் “பள்ளி கருத்துக் கூற மறுத்துவிட்டது” என்று அச்சில் போடுகிறார்கள். படிப்பவர் மனத்தில் அது பாதி ஒப்புதல் வாக்குமூலம். ஏன் பேச முடியவில்லை என்பதற்கு ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைக் கேட்கப் பள்ளிக்கு உரிமை உண்டு, போடப் பத்திரிகைக்குக் கடமை உண்டு.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, வலுவானதுதான். ஆஃப்ஸ்டெட் 1992-இல் உருவானதே பள்ளிக்குள் நடப்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பள்ளிகள் பொதுப்பணத்தில் நடப்பவை. குறை கண்ட இடத்தில் பத்திரிகை மென்று விழுங்கினால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான். இதை முழுதாக ஏற்கிறோம். உள்ளூராட்சி மன்றம் பத்திரிகை மீது அவதூறு வழக்குத் தொடர முடியாது என்று 1993-இல், டெர்பிஷர் கவுண்டி வழக்கில், பிரபுக்கள் சபை சொன்னது சரியான தீர்ப்பு. பள்ளிகள் வக்கீல் நோட்டீசோடு பத்திரிகை அலுவலகம் ஏறும் நாட்டை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்ற வாதமே முழு அறிக்கையைத்தான் கேட்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அறிக்கையின் பிரதியைப் பள்ளி அனுப்பியாக வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். பத்திரிகை பேசுவது மற்றவர்களோடு: அடுத்த ஆண்டு பிள்ளையைச் சேர்க்க யோசிப்பவர், அங்கே வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் இளம் ஆசிரியர், பக்கத்துத் தெருக்காரர். அவர்கள் அறிக்கையைத் தேடிப் போய்ப் படிக்கப் போவதில்லை. அவர்களுக்குச் செய்திதான் அறிக்கை.

பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவ்சன் விசாரணைக்குப் பிறகு 2014-இல் அமைந்த பத்திரிகைத் தர அமைப்பான இப்சோ, உள்ளூர்ப் பத்திரிகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொறுப்பு. அதன் நடத்தை விதியின் முதல் பிரிவே துல்லியம் பற்றியது. செய்தி தாங்காத தலைப்பைப் போடக் கூடாது. முக்கியமான பிழையை உடனே, உரிய முக்கியத்துவத்தோடு திருத்த வேண்டும். நியாயமான இடத்தில் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பிள்ளைகள் பள்ளிக் காலத்தைத் தேவையற்ற தொந்தரவின்றிக் கழிக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. விதி இருக்கிறது. ‘உரிய முக்கியத்துவம்’ என்பதன் பொருளைப் பத்திரிகைகள் தங்களுக்குத் தோதாக அளந்துகொள்கின்றன. முதல் பக்கத்தில் வந்த தவறுக்கு உள்பக்க மூலையில் இரண்டு அங்குலம் ஒதுக்குவது திருத்தமே ஆகாது. இதை இப்சோ கறாராகச் சொல்ல வேண்டும்.

பள்ளிகளுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. அநியாயமான செய்தி வந்த மறுநாள் பெற்றோருக்கு ஒரு கடிதம் போகும். அதில் பாதிக்கு ஊடகங்களின் மீது கோபம், மீதிக்கு “எங்கள் பள்ளிக் குடும்பம்” என்ற உருக்கம். இது உதவாது. கடிதம் முதலில் அறிக்கை சொன்ன உண்மையான குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். எது சரியாகிவிட்டது, எது எப்போது சரியாகும் என்று தேதியோடு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பத்திரிகையின் தவறுக்கு வர வேண்டும். அறிக்கையின் எந்தப் பத்தியைச் செய்தி விட்டுவிட்டது, எந்த வாக்கியத்தைப் பாதியில் வெட்டியது என்று காட்டினால் போதும். ‘சாடல்’ என்ற சொல்லோடு சண்டை போட்டால் தோல்விதான்; வெட்டப்பட்ட வாக்கியத்தைக் காட்டினால் எந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவும் பதில் சொல்லியே ஆக வேண்டும். கையெழுத்து தலைமை ஆசிரியருடையதாக மட்டும் இருக்கக் கூடாது. தனிப்பட்ட அடியை வாங்கியவரையே வாதாட நிறுத்துவது கொடுமை. நிர்வாகக் குழுத் தலைவர் முன்னால் நிற்கட்டும். விளையாட்டு விழாவுக்கு அந்தப் பத்திரிகையின் நிருபரை வரவிடாமல் தடுக்கும் சின்னத்தனமும் வேண்டாம். அவர் உள்ளே வந்து வகுப்பறையைப் பார்க்கட்டும்.

கடைசியில் நம் வீட்டு விஷயம். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வீடு தேடும் தமிழ்க் குடும்பம் முதலில் பார்ப்பது படுக்கையறையின் அளவையா, பக்கத்துப் பள்ளியின் மதிப்பீட்டையா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு விற்பனைத் தளங்களே பள்ளிகளின் ஆஃப்ஸ்டெட் தரத்தைப் பட்டியலிட்டுப் பழக்கிவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகையின் தலைப்பு நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஏறும்போது அறிக்கையின் சுட்டி கூட வருவதில்லை. “அங்க சேர்க்காதீங்க” என்ற ஒரு வரி மட்டும் சேர்ந்து வருகிறது. சனிக்கிழமை தோறும் நம் தமிழ்ப் பள்ளிகள் பல இதே அரசுப் பள்ளிகளின் வகுப்பறைகளில்தான் வாடகைக்கு நடக்கின்றன. அந்தச் சுவரில் ஒட்டிய பிள்ளைகளின் ஓவியங்களையும், நூலக அலமாரியையும், கழிப்பறையின் சுத்தத்தையும் நேரில் பார்ப்பவர்கள் நாம். பத்திரிகை எழுதியது பொருந்துகிறதா என்று சொல்ல நமக்கு மற்றவர்களைவிடத் தகுதி கூடுதல்.

பள்ளி நிர்வாகக் குழுக்களில் பெற்றோர் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு, தேர்ந்தெடுப்பதும் பெற்றோர்தான். அந்தத் தேர்தலில் நம்மவர்கள் நிற்க வேண்டும். நின்று வென்றவர்கள், அநியாயமான செய்தி வந்தால், இப்சோவுக்குப் புகார் அனுப்பும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவர வேண்டும். செய்தி வெளியான நாளிலிருந்து புகார் தருவதற்கான காலக்கெடு பொதுவாக நான்கு மாதம். கூட்டங்கள் பருவத்துக்கு ஒன்றிரண்டு மட்டுமே நடக்கும் பள்ளியில் அது சட்டென்று கழிந்துவிடும்.