பனி தள்ளியாயிற்றாம்! பேருந்துத் தரிப்பிடத்தைக் காணோம்!

2025 பெப்ரவரி 8 தொடங்கி 16க்குள் மூன்று பனிப்புயல்கள். ரொறன்ரோவில் கொட்டிய பனி அரை மீட்டருக்கு மேல். வானம் செய்ததற்கு யாரையும் நோக முடியாது. புயல் ஓய்ந்த பிறகு மாநகரசபை செய்யாமல் விட்டதற்கு, மாநகரசபைதான் பதில் சொல்லவேண்டும்.

இப்படியொரு புயலுக்குப் பிறகு, நகரின் ஸ்காபரோப் பகுதியில் பெருவீதி ஒன்றில், ஏதாவதொரு பேருந்துத் தரிப்பிடத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்று பாருங்கள். வீதி கறுப்பாகத் துப்புரவாக இருக்கும். அந்த வீதியிலிருந்து வழித்த பனியெல்லாம் தரிப்பிடத்தில் இடுப்பளவுக்குக் குவிந்து, இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும். பேருந்து வந்து அந்தக் குவியலுக்கு நேரே கதவைத் திறக்கும். தொழிற்சாலை வேலைக்குப் போகிற பெண் கதவுக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டு குவியலில் ஏறிச் சறுக்கி உள்ளே போவார். சாமான் வண்டியோடு வந்த முதியவர் வீதிக்குள் இறங்கி, கார்கள் ஓடுகிற பாதையிலேயே நடந்து வந்து ஏறுவார். சக்கர நாற்காலியில் வந்தவருக்கோ சாய்தளத்தை இறக்க இடமே இல்லை. அவர் அடுத்த பேருந்தைப் பார்ப்பதா, வீட்டுக்குத் திரும்புவதா?

ஸ்காபரோவுக்கு இது மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாக வலிக்கும். 2023 ஜூலை 24 அன்று தடம்புரண்ட ஸ்காபரோ ரயில் அதோடு நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது பேருந்து. இப்போது அந்தப் பேருந்தில் ஏறவும் மலையேற்றம் பழகவேண்டும் என்றால் எப்படி?

புகார் சொல்ல மாநகரசபையின் 311 எண்ணை அழைத்தால், அந்த வீதி ஏற்கெனவே தள்ளியாயிற்று என்கிறார்கள். பனி தள்ளும் வண்டிகளைக் காட்டும் இணைய வரைபடமும் அதையே சொல்கிறது. வண்டியில் பூட்டிய ஜிபிஎஸ் கருவி, வண்டி அந்த வழியால் போனதைத்தான் காட்டும். பரிமாறுகிறவர் பந்தி நெடுக நடந்தார் என்பதற்காக எல்லார் இலையிலும் சோறு விழுந்தது என்று கணக்கெழுதலாமா? அதிகாரிகள் சொல்வதும் மக்கள் காண்பதும் ஒன்றல்ல என்ற முறைப்பாடு மேயர் ஒலிவியா சௌவின் காதுக்கும் எட்டியது. மீளாய்வு என்றார். நல்லது. ஆனால் மீளாய்வு இந்த நகரத்துக்குப் புதிதல்ல.

2020 ஒக்ரோபரில் நகரக் கணக்காய்வாளர் நாயகம் குளிர்கால வீதிப் பராமரிப்பை ஆராய்ந்து அறிக்கை தந்தார். ஓடவேண்டிய நேரத்தில் ஒப்பந்தக்காரரின் வண்டிகள் நின்றதை ஜிபிஎஸ் பதிவுகளே காட்டின. அந்தப் பதிவுகளைக் கொண்டு கண்காணிக்கவேண்டியவர்கள் கண்காணிக்கவில்லை. அதன் பிறகு 2022 ஜனவரி 17 அன்று வந்த புயலில் நூற்றுக்கணக்கான பேருந்துகள் வீதியில் புதைந்தன. அதே ஆண்டுக் குளிர்காலத்தில் புதிய ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன: பத்து ஆண்டுகள், ஏறத்தாழ 150 கோடி டாலர். இவ்வளவு கொடுத்தும் நடைபாதையில் நடக்க முடியவில்லை என்றால், ஒப்பந்தக்காரரைவிட ஒப்பந்தம் எழுதியவர்களைத்தான் முதலில் கேட்கவேண்டியிருக்கிறது.

1999 ஜனவரியில் அன்றைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை அழைத்தார். நாடு முழுவதும் சிரித்தது. அந்த மாதம் விழுந்தது ஒரு மீட்டருக்கு மேற்பட்ட பனி என்பதை இன்று சிரிப்பவர்கள் நினைப்பதில்லை. இம்முறை நகரம் திணறியதோ அதைவிடக் குறைந்த பனிக்கு.

இன்னொன்று. வீட்டு வாசலில் பனியை அள்ளி முடித்து நிமிர்ந்தால், வீதியைத் தள்ளும் வண்டி வந்து வாசல் வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பைப் போட்டுவிட்டுப் போகிறது. தூள்பனி அல்ல, ஈரமும் உப்பும் கலந்து இறுகிய கட்டி. ஸ்காபரோவில் இயந்திரம் நுழையக்கூடிய வீதிகளில் அந்த வரம்பை அகற்றுவதும் மாநகரசபையின் வேலைதான். அது வரும்வரை காத்திருக்க முடியாமல் எழுபது வயதுக்காரர் சவளைத் தூக்குகிறார். குளிரில் பாரமான பனியை அள்ளுவது மாரடைப்பைக் கொண்டுவரும் என்று வைத்தியர்கள் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறார்கள்.

வழுக்கி விழுந்தவர் சட்டத்தை நம்பிப் போனால் அங்கும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. நடைபாதைப் பனியில் ஏற்பட்ட காயத்துக்கு, மிகப்பாரதூரமான கவனயீனம் இருந்தால் மட்டுமே நகரம் பொறுப்பு. அதற்கும் பத்து நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். இடுப்பை உடைத்துக்கொண்டு கிடப்பவர் பத்து நாளில் எந்தக் கடிதத்தை எழுதுவார்?

குவிந்த பனியை லொறிகளில் அள்ளிச் செல்ல மூன்று வாரம் வரை ஆகும் என்றது நகரம். இனி அப்படி அள்ளும்போது எது முதலில் என்பதையாவது மாற்றட்டும். பேருந்துத் தரிப்பிடங்களும் பாடசாலை, வைத்தியசாலை வாசல்களும் முன்னுக்கு வரவேண்டும். வண்டி போனதற்குக் காசு கொடுப்பதை நிறுத்தி, நடைபாதை திறந்திருப்பதை ஆள் நேரில் பார்த்த பிறகே பட்டியலைத் தீர்க்கவேண்டும். 2022க்குப் பிறகு எந்த ஒப்பந்தக்காரரிடம் எவ்வளவு தண்டம் பிடிக்கப்பட்டது என்பதை, அடுத்த பனி விழ முன்னர் பகிரங்கப்படுத்தவேண்டும். இவற்றுக்கு விடை தராத எந்த மீளாய்வும் இன்னொரு கோப்பு மட்டுமே.

பனிக்கால வாகனத் தரிப்புத் தடை அறிவித்த பிறகும் காரை வீதியில் விட்டுப்போனவர்களும், வாசல் பனியை வீதிக்குத் தள்ளியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அவர்களுக்கு 150 கோடி டாலர் யாரும் கொடுக்கவில்லை.

வாசகர்களே, உங்கள் தரிப்பிடத்தைத் திகதியோடு படமெடுத்து உங்கள் தொகுதி மாநகரசபை உறுப்பினருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள். அடுத்த மாநகரசபைத் தேர்தல் 2026 ஒக்ரோபர் 26 அன்று நடக்கிறது.