நெடுஞ்சொல்லும் உறுப்புகளும்

நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அதன் எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்வது மாணவர் பலரின் வழக்கம். அவ்வழக்கம் கைவிடத்தக்கது. உறுப்பறிந்து கற்போர்க்குச் சொல்லின் நீளம் சுமையன்று.

'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' என்னும் பெயர்ச்சொல் 28 எழுத்துகளும் 12 அசைகளும் கொண்டது. நிறுவுதல் எனப் பொருள்படும் 'எஸ்டாப்ளிஷ்' அதன் பகுதி. 'டிஸ்', 'ஆன்டி' என்பன முன்னொட்டுகள். 'மென்ட்', 'ஏரியன்', 'இசம்' என்பன பின்னொட்டுகள். இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசு அளித்துள்ள ஏற்பை நீக்கலாகாது என்னும் 19ஆம் நூற்றாண்டுக் கொள்கையை இச்சொல் குறிக்கும்.

பகுபத உறுப்பிலக்கணம் பயின்றோர்க்கு இப்பிரிப்பு எளிது. ஆயினும் ஆங்கிலத்தில் உறுப்புகளோடு அழுத்தத்தையும் அறிதல் வேண்டும். 'எஸ்டாப்ளிஷ்' என்பதில் 'டாப்' என்னும் அசை அழுத்தம் பெறும். 'மென்ட்' சேரினும் அழுத்தம் அங்கேயே நிற்கும். 'ஏரியன்' சேர்ந்ததும் முதன்மை அழுத்தம் 'டே' என்னும் அசைக்கு நகரும். 'இசம்' அதனை இடம் மாற்றுவதில்லை. எழுத்துகளை மட்டும் மனனம் செய்தவர்க்கு இந்நகர்வு புலப்படாது. அவர்தம் உச்சரிப்பும் கேட்போர்க்கு எளிதில் விளங்காது.

உறுப்பும் அழுத்தமும் அறிந்து கற்ற ஒரு சொல் பல சொற்களுக்கு வழிகாட்டும். 'லைப்ரரி' என்பதன் முதலசையில் நின்ற அழுத்தம், 'லைப்ரேரியன்' என்றானதும் இரண்டாம் அசைக்கு நகர்வது இவ்விதியாலேயே ஆகும்.