ஃபார்மட் போடும் முன்



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து, பழைய கம்ப்யூட்டரில் கூடுதலாக ஒரு ரேம் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாமா என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தாராளமாக ஓட்டலாம். ஆனால் ரேம் போட்ட மறுநாளே மெஷின் ஹேங் ஆகிறது, நீலத்திரை வருகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்ற புலம்பலும் கூடவே வருகிறது. சர்வீஸுக்குப் போனால் ஃபார்மட் போட்டுவிடலாம் என்கிறார்களாம். போடலாமா என்பது கேள்வி.

வேண்டாம் என்பதே என் பதில். அவசரப்பட்டு ஃபார்மட் போடாதீர்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய விண்டோஸ், இன்று ரேம் மாட்டியதும் தகராறு செய்தால் சந்தேகம் முதலில் எங்கே போகவேண்டும்? கோளாறு ரேமில் இருந்தால், மறுபடி நிறுவும் விண்டோஸின் கோப்புகளும் அதே ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். பழுதோடு போய் உட்காரலாம். பணமும் போய், இருந்த ஃபைல்களும் போனதுதான் மிச்சம்.

ரேம் ஏன் இவ்வளவு நுணுக்கமான பொருள் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இன்றும் அதன் அடிப்படை: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, இரண்டும் சேர்ந்தால் ஒரு பிட். 8 ஜிபி ரேமில் இப்படி ஏறக்குறைய 6,870 கோடி உண்டு. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர்போல அவற்றின் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி நிரப்புகிறார்கள். இதில் ஒன்றிரண்டு சரியாக நிற்காவிட்டாலும் போதும், நீலத்திரை வரலாம். நீலத்திரை வந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். தெரியாமல் எக்செல்லில் ஒரு எண் மாறுவதும், சேமித்த படம் பாதியில் சிதைவதும்தான் ஆபத்து. அதனால் எதிலும் கைவைப்பதற்கு முன் முக்கியமான கோப்புகளைப் பத்திரமாக வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். முடிந்தால் புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழைய ரேமோடு எடுங்கள்.

அடுத்து, மாட்டிய விதத்தைப் பாருங்கள். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். அதன் அடிவிளிம்பில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்தவேண்டும். இரண்டு முனையையும் சம அழுத்தத்தில் அமுக்கினால் கிளிப் 'டக்' என்று தானாக மூடும். ஒரு பக்கம் நூலளவு தூக்கி நின்றாலும் மெஷின் ஆன் ஆகும், ஓடும், நட்டநடுவில் நிற்கும். கேபினெட்டைத் திறந்தபோது வேறு ஏதாவது ஒயர் தளர்ந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் தொல்லை என்றால், ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் ஒரே வழி. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இலவசம், அதைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்யவேண்டும். புது ரேமை மட்டும் மாட்டி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிறகு பழையதை மட்டும், அதே ஸ்லாட்டில். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். 'ஒன்றுதானே' என்று விட்டுவிடக்கூடாது. பிழை வந்தால் வேறு ஸ்லாட்டிலும் சோதியுங்கள். பிழை ரேமோடு இடம் மாறினால் குற்றவாளி ரேம். எந்த ரேமைப் போட்டாலும் குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் வந்தால் மதர்போர்டைப் பார்க்கவேண்டும்.

தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்தால் மட்டும் தகராறு என்றால் ஜோடிப் பொருத்தம் சரியில்லை. பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி, அல்லது ஏஎம்டி மெஷினில் எக்ஸ்போ, ஆன் ஆகியிருந்தால் அதை நிறுத்திவிட்டு மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் அந்த அமைப்பை ஆன் செய்தால் கிடைப்பது. எல்லா மெஷினும் அதைத் தாங்கும் என்று சொல்லமுடியாது. பயாஸ் அப்டேட்டும் பல சமயம் கைகொடுக்கும். டிடிஆர்5 மெஷினில் புது ரேம் போட்டதும் முதல்முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். அது ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம். பயந்துபோய் பவரை நிறுத்தாதீர்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை ஒரு தாளில் குறித்துவையுங்கள். ரேமையும் மாற்றி, பயாஸையும் மாற்றி, விண்டோஸையும் மாற்றினால், சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ரேம்தான் பழுது என்று உறுதியானால், மெம்டெஸ்ட் திரையில் வரும் பிழை வரிகளைப் போனில் படம் எடுத்து, பில்லோடு வாங்கிய கடைக்குப் போங்கள். ரேமுக்குப் பல ஆண்டு வாரண்டி உண்டு. ஃபார்மட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்