"சரியாயிரும்"னு சொல்லாதீங்க

"திருப்பூர்க்காரன் எப்படி விழுந்தாலும் எந்திரிச்சிருவான்" என்று எங்க ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான்.

2011 ஜனவரி 28. நொய்யலில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால், பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். எழுநூறுக்கும் மேல். தீர்ப்பு தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் அதுக்கு முன்னாடியே நிலத்தை உப்புக்குக் கொடுத்திருந்தாங்க. ஆனா, பட்டறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அதோடு சனிக்கிழமை சம்பளம் நின்றது.

எனக்கு அப்போ அஞ்சு வயசு. அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா மாசக்கணக்கில் யாரிடமும் பேசவில்லையாம். வந்தவங்க எல்லாம் "தைரியமா இரு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டு மாமா மட்டும் ஒன்றும் சொல்லாமல், தினமும் சாயங்காலம் டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனார். கடைசியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். மனவலிமைங்கிறது தனியாளாகப் பல்லைக் கடிச்சுட்டு நிற்கிறது இல்லைன்னு நான் நம்புறது இதனால்தான்.

பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தப் பழகின, ஊர் எழுந்துவிட்டது. அப்பா இன்னும் அந்தப் பட்டறைத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவார். போகட்டுமே!

2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, "அப்பா கம்பெனியில ஆர்டர் நின்னுருச்சுடா" என்றான் ரூம்மேட். "சரியாயிரும்" என்று வாய் வரை வந்தது. சொல்லலை. கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போனேன்.